காற்றுப்பை மின்பழுது

காற்றுப்பை மின்பழுது என்பது, ஏர்பேக் என்று பரவலாக அறியப்படும் தானுந்துக் காற்றுப்பையின் மின்சுற்றில் ஏற்படும் கோளாறு ஆகும். இப்பழுது உள்ள கார் வழக்கம்போல ஓடும். ஆனால் மோதலின்போது காற்றுப்பை விரியாமல் போகலாம். இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை 2019 சூலை 1 முதலும், முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இறுதியிலிருந்தும் கட்டாயம் ஆக்கப்பட்டன. கடலோர நகரான புதுச்சேரியில் உப்புக்காற்றும் மழைவெள்ளமும் இப்பழுதுக்கு ஏற்ற சூழலை உண்டாக்குகின்றன.

அமைப்பும் இயக்கமும்

காற்றுப்பைக் கட்டுப்பாட்டகம் பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். மோதல் உணரிகள் கடும் வேகக்குறைவை அறிவித்ததும், கட்டுப்பாட்டகம் ஏறத்தாழ 1 ஆம்பியர் அளவான மின்னோட்டத்தை மிகக் குறுகிய நேரத்திற்கு எரியூட்டிக்கு அனுப்புகிறது. எரியூட்டி வேதிப்பொருளைப் பற்றவைக்க, அதிலிருந்து வெளிப்படும் வளிமம் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் பையை நிரப்புகிறது.

மோதலில் மின்கலம் துண்டிக்கப்பட்டாலும் காற்றுப்பை இயங்குவதற்காகக் கட்டுப்பாட்டகத்தினுள் மின்தேக்கி ஒன்று மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கும். எனவே மின்கல இணைப்பைக் கழற்றிய உடனே ஆபத்து நீங்கிவிடுவதில்லை.

அறிகுறிகள்

சாவியைத் திருப்பியதும் கருவிப் பலகையில் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு சில விநாடிகள் எரிந்து, பின் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலோ, ஓடும்போது எரிந்தாலோ பழுது உள்ளது என்று பொருள். விளக்கு தொடக்கத்தில் எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதே. விளக்கை வேண்டுமென்றே துண்டித்து விற்கப்படும் கார்களும் உண்டு. ஆகவே, பழைய கார் வாங்குவோர் இதை முதலில் கவனிப்பது நல்லது.

காரணங்கள்

* சுருள் பட்டைக் கம்பி: பணிமனைகளில் கிளாக் ஸ்பிரிங் எனப்படும். சுழலும் திசைமாற்றிச் சக்கரத்தையும் அசையாத தண்டையும் மின்வழி இணைப்பது இதுவே. நாளடைவில் இது அறுந்துவிடலாம். அப்போது ஒலிப்பானும் சக்கரத்தில் உள்ள பொத்தான்களும் சேர்ந்து செயலிழக்கக்கூடும்.
* இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பான்கள்: இருக்கையை முன்பின் நகர்த்துவதாலும், அடியில் பொருட்களைத் திணிப்பதாலும் தளர்கின்றன.
* அரிப்பு: ஈரமும் உப்பும் இணைப்பான் முனைகளில் பச்சை அல்லது வெண்ணிறப் படிவை உண்டாக்கி மின்தடையைக் கூட்டுகின்றன. எரியூட்டிச் சுற்றின் மின்தடை பொதுவாக 2 முதல் 3 ஓம் வரையே என்பதால், சிறு மாற்றமும் பழுதாகப் பதிவாகும்.
* மின்கல மின்னழுத்தம் குறைதல், எலி கடித்த கம்பிகள் முதலியன.

பாதுகாப்பு நடைமுறை

1. சாவியை அணைத்து, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும்.
2. தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். இது வண்டிக்கு வண்டி மாறுபடும். சிலவற்றில் ஒன்றரை நிமிடம், சிலவற்றில் பல நிமிடங்கள்.
3. உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னை நீக்க, காரின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்க வேண்டும்.
4. கழற்றிய காற்றுப்பையை அதன் முகப்பு உடலுக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு தூக்கிச் சென்று, முகப்பு மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த பை வெடித்தால், முழு உறுப்பும் மேலே எறியப்படும்.
5. மின்கலத்தை மீண்டும் இணைக்கும்போது காரினுள் எவரும் இருக்கக்கூடாது.

மல்டிமீட்டர் எனப்படும் பன்னளவியால் காற்றுப்பையின் மின்தடையை நேரடியாக அளக்கவே கூடாது. ஓம் அளவீட்டின்போது பன்னளவியே சுற்றினுள் மின்னோட்டத்தைச் செலுத்துவதால், எரியூட்டி பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கண்டறிதல்

காற்றுப்பைப் பிரிவைப் படிக்கவல்ல ஸ்கேனர் கருவியால் பழுதுக் குறியீட்டைப் படிப்பதே முதற்படி. இக்குறியீடுகள் பெரும்பாலும் 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவான கருவிகளில் இவை தெரிவதில்லை.

குறியீடு எந்தச் சுற்று என்பதைத்தான் காட்டும். பழுது பையிலா கம்பியிலா என்பதைக் காட்டாது. இதை அறிய, மேற்கண்ட நடைமுறைப்படி பையைக் கழற்றி, அதன் இடத்தில் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவுள்ள சோதனை மின்தடையத்தைப் பொருத்துவர். குறியீட்டை அழித்தபின் அது திரும்ப வராவிட்டால், பழுது பையிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. திரும்ப வந்தால், கம்பியிலோ சுருள் பட்டையிலோ கட்டுப்பாட்டகத்திலோ உள்ளது.

பழுது நீக்கல்

தளர்ந்த இணைப்பானைச் சரியாகப் பூட்டுவதே சில வேளைகளில் போதுமானது. அரித்த இணைப்பானையும் அறுந்த சுருள் பட்டையையும் மாற்ற வேண்டும். புதிய சுருள் பட்டையைப் பொருத்தும்போது, முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பட்டையை அதன் நடுநிலையில் வைக்க வேண்டும். தவறினால் சக்கரத்தை முழுமையாகத் திருப்பும்போது பட்டை அறுந்துவிடும். பொதுவாக மஞ்சள் நிறத்தால் அடையாளம் காட்டப்படும் காற்றுப்பைக் கம்பிகளை முறுக்கி ஒட்டுப்போடுதல் கூடாது.

சோதனை மின்தடையத்தைச் சுற்றிலேயே விட்டுவிடுவது மிக ஆபத்தான ஏமாற்று ஆகும். கட்டுப்பாட்டகம் பை இருப்பதாகக் கருதி விளக்கை அணைத்துவிடும். மோதலில் விரிவதற்கோ எதுவும் இராது.

புதுச்சேரிச் சூழல்

புதுச்சேரி நகரின் கிழக்கு எல்லை வங்கக் கடல் ஆகும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. கிருஷ்ணா நகர் உள்ளிட்ட குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது.

இத்தகைய வெள்ளத்தில் காரின் தரைவிரிப்பு நனைந்தாலே, தரையை ஒட்டியுள்ள கட்டுப்பாட்டகத்திற்கும் இருக்கை இணைப்பான்களுக்கும் நீர் எட்டக்கூடும். நீர் புகுந்த காரின் சாவியைத் திருப்பிப் பார்க்காமல், மின்கலத்தைக் கழற்றிப் பணிமனைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். நனைந்த கட்டுப்பாட்டகத்தை உலர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றுவதே முறை. உள்ளே தொடங்கிய அரிப்பு பல மாதங்கள் கழித்தும் பழுதை உண்டாக்கலாம்.

விளக்கு காட்டாத குறைபாடு

மின்சுற்று சரியாக இருந்தும் காற்றுப்பை ஆபத்தாகலாம். சப்பானிய நிறுவனமான தக்காட்டாவின் வளிம ஊதிகளில், அம்மோனியம் நைத்திரேட்டு வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்ததால், விரியும்போது ஊதி வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்தன. இதனால் பல நாடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்தன. இந்தியா உட்பட உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017-இல் திவாலானது. இக்குறைபாட்டை எச்சரிக்கை விளக்கு காட்டாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர நகரங்களில் பழைய கார் வைத்திருப்போர், அடிச்சட்ட எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடம் இதனைச் சரிபார்த்துக்கொள்வது இன்றியமையாதது.