25 வாட் போதுமா? பேஸ் கிட்டாரும் வால்வுப் பெருக்கியும்

ஒரு மேடையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஒரு புறம் டிரம் அதிர்கிறது. மறுபுறம் டிரம்பெட்டும் சாக்சபோனும் முழங்குகின்றன. நடுவே ஆள் உயரமுள்ள, வயலின் போன்ற ஒரு பெரிய கருவியை அணைத்து நின்றபடி ஒருவர் அதன் தடித்த தந்திகளை மீட்டுகிறார். விரல் நுனி கொப்பளிக்கும் அளவுக்கு மீட்டியும் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அது கேட்பதில்லை. 1930களிலும் 1940களிலும் அமெரிக்க நடன அரங்குகளில் டபிள் பேஸ் வாசித்தவர்களின் நிலை பெரும்பாலும் இதுதான். பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் அவர். ஆனால் அவர் குரல் மட்டும் அவையில் ஏறவில்லை.

அவரைக் கேட்கச் செய்தது நாலைந்து வால்வுகள் கொண்ட ஒரு சிறு பெட்டி. இன்றைய கணக்கில் அதன் திறன் மிக அற்பம்: 25 வாட் அளவே. அது எப்படிப் போதுமானதாயிற்று? பிறகு ஏன் போதாமல் போயிற்று? இன்றும் சிலர் அதை ஏன் மேடைக்குச் சுமந்து வருகிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இயற்பியலில் விடை உண்டு.

வால்வின் வரவு

1904 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், இரு மின்முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1906 இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது மின்முனையாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். சூடான முனையிலிருந்து தகட்டுக்குப் பாயும் எலெக்ட்ரான்களை, வலைக்குத் தரும் சிறு மின்னழுத்தத்தால் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. சிறிய குறிப்பலை பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. இதுவே பெருக்கம்.

பெருக்கிய மின்னலையை ஒலியாக்க நல்ல ஒலிபெருக்கி வேண்டும். 1925 இல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இரு பொறியியலாளர்கள் அதற்கு வழி கண்டனர். காந்தப் புலத்தில் இயங்கும் கம்பிச்சுருளும் அதனுடன் இணைந்த கூம்பும் கொண்டது அவர்களுடைய அமைப்பு. இன்றும் நம் வீட்டு வானொலியில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

கருவியும் பெட்டியும்

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். 1951 இல் அவர் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கிட்டாரை வெளியிட்டார். (1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் ஒரு மின் பேஸ் செய்திருந்தார், அது பரவவில்லை.) ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டிக் கொள்ளக்கூடியது. சுரம் பிசகாமல் விரல் வைக்க உதவும் கட்டைகள் அதில் இருந்தன. அதனால்தான் துல்லியம் என்று பொருள்படும் அப்பெயர். 1952 இல் அதற்கெனவே பேஸ்மேன் என்ற பெருக்கியும் வந்தது. 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. திறன் ஏறக்குறைய 26 வாட்.

நியூயார்க்கில் எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் வேறொரு வழியில் முயன்றார். டபிள் பேஸைத் தாங்கும் கீழ்முளைக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தினார். முளைக்கு ஆங்கிலத்தில் பெக் என்று பெயர். பெருக்கப்பட்ட பெக் என்பதே சுருங்கி ஆம்பெக் என்ற நிறுவனப் பெயராயிற்று. 1960 இல் அந்நிறுவனம் பி-15 என்ற பெட்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜெஸ் ஆலிவர். பெருக்கியைத் தலைகீழாகத் திருப்பி ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். திறன் 25 வாட்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைத்தட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், இரவு விடுதிகளில் பயன்படுத்தியது இந்த பி-15 தான். பெரிய அரங்குகளுக்கு மட்டும் இரண்டு 15 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெரிய பெட்டியைக் கொண்டு போவார். இச்செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாழ்ந்த சுரத்தின் பசி

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவேன். அலை இயற்றியை 41 ஹெர்ட்சில் வைத்து ஒரு 6 அங்குல ஒலிபெருக்கியை இயக்கினால், கூம்பு முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்கே தெரியும்; காதுக்கோ அநேகமாக ஒன்றும் கேட்காது. அதிர்வெண்ணை 400 ஆக்கியதும் கூம்பு அசைவது தெரியாது. ஒலியோ அறையை நிறைக்கும்.

காரணம் இரண்டு. முதலாவது, காற்று. அதே ஒலியழுத்தத்தை உண்டாக்க, அதிர்வெண் பாதியானால் கூம்பு 4 மடங்கு தூரம் அசைய வேண்டும். இரண்டாவது, நம் காது. 1933 இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்தனர். 1000 ஹெர்ட்ஸ் சுரம் மெல்லக் காதில் விழுவதற்கான செறிவைவிட, 40 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சுமார் 50 டெசிபல் கூடுதலாக வேண்டும். அதாவது 1 லட்சம் மடங்கு! ஒலி உரக்க உரக்க இந்த வேற்றுமை குறையும், ஆனால் மறைவதில்லை.

பெருக்கிக்கும் சிரமம் உண்டு. வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதிர்வெண் குறையக் குறைய அதன் இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் மிகும். ஆகவே இரும்பும் மிகுதியாக வேண்டும். வால்வுப் பெருக்கியைத் தூக்கியவர்களின் முதுகுவலிக்கு இதுவும் ஒரு காரணம்.

காது செய்யும் உதவி

இவ்வளவு தடைகள் இருந்தும் 25 வாட் எப்படிப் போதுமானதாயிற்று? இங்கே காதே துணைக்கு வருகிறது. தந்தி 41 ஹெர்ட்சில் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. அடிப்படைச் சுரம் மிக மெலிந்தாலும், மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு மூளை அதைத் தானே ஊகித்துக் கொள்கிறது. 1840களில் ஜெர்மானியர் ஆகஸ்ட் சீபெக் சுழலும் துளைத்தட்டுகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளைக் கடத்தாது. ஆயினும் சுமார் 120 ஹெர்ட்சில் பேசும் ஆண்குரலை அதில் ஆண்குரலாகவே கேட்டோம் அல்லவா?

இனி வால்வைப் பாருங்கள். அதன் எல்லைக்கு அருகே ஓட்டினால் அலையின் முகடு பொதுவாகச் சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. மழுங்கிய அலையில் மேற்சுரங்கள் கூடுகின்றன. நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் ஒலி சேருகிறது. முகடு மழுங்குவதால் சராசரித் திறனும் உயர்கிறது. முற்றிலும் சதுரமாகிவிட்ட அலைக்கு, அதே உயரமுள்ள சைன் அலையைப் போல் இருமடங்கு திறன் உண்டு.

“வால்வு வாட், டிரான்சிஸ்டர் வாட்டைவிடப் பெரியது” என்று இசைக்கலைஞர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று, வாட் வாட்தான். வால்வின் சிதைவு காதுக்கு இதமாக இருப்பதால் அதை எல்லை வரை துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே உண்மை. ஆம்பெக் நிறுவிய ஹல், இந்தச் சிதைவை அறவே வெறுத்தவர் என்பது வேடிக்கை!

வாட் வேட்டை

1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு பாடியது. கூட்டம் 55 ஆயிரத்துக்கும் மேல். மேடையில் 100 வாட் பெருக்கிகள் இருந்தும் ரசிகர்களின் கூச்சலில் இசை மூழ்கிப் போயிற்று. இனி வாட்டைக் கூட்டுவதே வழி என்று பலர் எண்ணினர். 1969 இல் ஆம்பெக் 300 வாட் எஸ்.வி.டி.யை வெளியிட்டது. 14 வால்வுகள் கொண்ட அதன் பெருக்கி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. அதனுடன் பத்து அங்குல ஒலிபெருக்கிகள் 16.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 வாட்டை 300 ஆக்குவது 12 மடங்கு. டெசிபலில் ஏறக்குறைய 11. உரப்பு இருமடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். ஆகவே 12 மடங்கு திறனுக்குக் காது தரும் மதிப்பு இருமடங்கே! எஸ்.வி.டி.யின் கூடுதல் வலிமை 16 கூம்புகளில் இருந்தது; அவற்றின் பரப்பு ஒரு 15 அங்குலக் கூம்பைப்போல் 7 மடங்கு. ஜேமர்சன் பெரிய அரங்குக்குக் கூம்புகளையும் கூட்டியது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

ஒரு வாட்டுக்கு 1 மீட்டரில் 98 டெசிபல் தரும் நல்ல ஒலிபெருக்கிக்கு 25 வாட் கொடுத்தால் 112 டெசிபல் எழும். திறந்தவெளியில் தூரம் இருமடங்காகும் போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 94; சிறு விடுதிக்குப் போதும். 64 மீட்டரிலோ 76 தான். 300 வாட் கொடுத்தாலும் அங்கே 87 ஐத் தாண்டாது. ஆர்ப்பரிக்கும் கூட்டத்தில் இரண்டுமே தோல்விதான்.

மீண்டும் சிறு பெட்டி

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. பேஸின் குறிப்பலையை மேடையிலிருந்து ஒலிக்கலவை மேசைக்கு அனுப்பி, அரங்குக்கென அமைத்த பெரிய ஒலிபெருக்கிகளின் வழியே மக்களுக்கு வழங்கினர். 1969 இல் உட்ஸ்டாக் விழாவுக்கு பில் ஹேன்லி அமைத்த ஒலியமைப்பு இவ்வகையில் ஒரு மைல்கல். அரங்கை நிரப்பும் வேலை மேடைப் பெட்டியிடமிருந்து நீங்கியது. வாசிப்பவருக்கும் அருகிலிருக்கும் டிரம் கலைஞருக்கும் கேட்டால் போதும். அதற்கு 25 வாட் பெட்டி மறுபடியும் தகுதி பெற்றது.

இன்று சில கிலோ எடையிலேயே பல நூறு வாட் தரும் பெருக்கிகள் கிடைக்கின்றன. ஆகவே வால்வை நாடுவோர் திறனுக்காக நாடுவதில்லை. அந்த மழுங்கிய அலையின் இனிமைக்காகவே நாடுகிறார்கள். ஆனால் அரங்க ஒலியமைப்பு இல்லாத இடத்தில், பலமாக அடிக்கும் டிரம்முக்கு எதிரே சிறு பெட்டியை மட்டும் நம்பிப் போனால், 1940களின் டபிள் பேஸ் கலைஞரின் கதிதான் நேரும்.

உங்களிடமுள்ள சிறு வானொலியில் இசை ஒலிக்கும்போது பேஸை உற்றுக் கேளுங்கள். அந்த உள்ளங்கையளவு ஒலிபெருக்கி 41 ஹெர்ட்சை உண்டாக்கவே முடியாது. ஆனாலும் உங்களுக்கு அது கேட்கும். அதை எழுப்புவது வானொலி அன்று, உங்கள் மூளை!