பூட்டிய அறையும் தொலைந்த பாஸ்வேர்டும்

செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு வரும் தலைவலிகளில் இது ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். விற்றவரைக் கேட்டால் அவருக்கே மறந்து போயிருக்கும். பொருள் கையில் இருக்கிறது, சாவிதான் இல்லை!

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெரிய பூட்டே அல்ல. பாஸ்வேர்டு அப்படியே எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மட்டும் சாம் என்ற ஃபைலில் இருக்கும். ஒரு சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றி, அந்த ஹாஷை அழித்துவிட்டால் போதும். நார்வேக்காரரான பீட்டர் நோர்டால்-ஹேகன் எழுதிய சின்ன புரோகிராம் இதைத்தான் செய்தது. பழைய பாஸ்வேர்டு என்ன என்பது கடைசி வரை தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் முன்பு என்க்ரிப்ட் செய்து வைத்த ஃபைல்கள் இப்படி நுழைந்தவருக்குத் திறக்காது. உள்ளே போவது வேறு, உள்ளே இருந்தது கிடைப்பது வேறு.

இதே சங்கடத்தைச் சொல்லும் பழைய கதை ஒன்று சிதம்பரத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் அதைச் சொல்கிறது. சோழ மன்னன் ராஜராஜன் தேவாரப் பதிகங்களைத் தேடுகிறான். காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ள திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி, ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் இருப்பதாகச் சொல்கிறார். அறைக்குக் காப்பு சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் கை முத்திரை. அவர்கள் நேரில் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மன்னன் சண்டைக்குப் போகவில்லை. மூவரின் திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து, 'இதோ வந்துவிட்டார்கள்' என்று நிறுத்தினான். கோயிலில் இருக்கும் சிலையை வெறும் சிலை என்று அந்தணர்கள் எப்படிச் சொல்வார்கள்? கதவு திறந்தது.

உள்ளே ஏடுகளை மூடிக் கரையான் புற்று! எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்களாம். லட்சத்துக்கு மேல் இருந்த பதிகங்களில் இன்று உள்ளவை 800-க்குச் சற்றுக் குறைவு. லட்சம் என்பது புராணக் கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கதை முழுவதும் நடந்ததா என்றால், சந்தேகம்தான். ராஜராஜனுக்கும் (985-1014) இந்தப் புராணத்துக்கும் இடையே 300 ஆண்டு இடைவெளி. மேலும் அவனுக்கு முன்பே, 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவோருக்கு மானியம் சொல்கிறது. எல்லாமே அறைக்குள் அடைபட்டிருந்தால் அவர்கள் எதைப் பாடினார்கள்? சிதறிக் கிடந்ததை ஒன்று சேர்த்த வேலையைத்தான் கதை இப்படிச் சொல்கிறது என்று கொள்வது பொருத்தம்.

அதே காட்டுமன்னார்கோயிலில் வைணவர்களுக்கும் ஒரு கதை உண்டு. நாதமுனிகள் பத்துப் பாசுரம் மட்டும் காதில் விழ, மீதி ஆயிரத்தைத் தேடிக் குருகூர் போய், 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பதிகத்தை 12,000 முறை ஓதி நாலாயிரத்தையும் பெற்றாராம். இந்தக் காலத்தில் பாஸ்வேர்டு கிராக் செய்பவர்கள் மெஷினை விட்டு இத்தனை முறை முயல்கிறார்கள்!

ஓர் அறையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வெளியிலும் கிடைத்தது. எந்த ஏட்டிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் படிக்கப்பட்டது. 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது, தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகள் வந்தன. கரையானுக்குக் கல்லும் செம்பும் எட்டாது என்பது அந்நாள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிதம்பரத்தில் ஏடு கிடைத்தும் வேலை முடியவில்லை. எழுத்து இருந்தது, பாடும் முறை அதில் இல்லை. சம்பந்தருடன் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர், இன்று கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அருகே இருக்கும் ராஜேந்திரப்பட்டினம். அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, பண்களை அவரிடமிருந்து வகுத்துக்கொண்டதாகப் புராணம் சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட அமர்த்திய 48 பேரின் பெயர்களோ கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. கூட ஓர் உடுக்கை, ஒரு கொட்டி மத்தளம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் கூலி.