வீடு வீடாகச் சென்ற அருள்பணியாளர்

1854ம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று அன்று பெரும்பாலானோர் நம்பினர். மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்றார். செப்டம்பர் 8ம் தேதி, அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அங்குப் பணியாற்றிய இளம் ஆங்கிலிக்கன் அருள்பணியாளர் ஹென்றி வைட்ஹெட், இதை ஏற்கவில்லை. அத்தண்ணீரைக் குடித்தும் பிழைத்தவர்களை அவர் நேரில் பார்த்திருந்தார். ஸ்னோவின் கருத்து தவறு என்று காட்டவே, வீடு வீடாகச் சென்று விசாரித்தார். ஆனால், நோயுற்றவர்களில் பெரும்பாலோர் அத்தண்ணீரைக் குடித்தவர்களே என்பது தெளிவாயிற்று.

மேலும், குழாயருகே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை, பிறருக்கு முன்பே நோயுற்றதையும் அவர் கண்டறிந்தார். குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய், வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். தோண்டிப் பார்த்தபோது, செங்கற்கள் சிதைந்த அக்குழியிலிருந்து கழிவுநீர் கிணற்றுக்குள் கசிந்தது தெரிந்தது. அந்தத் தாயை நாம் குறைசொல்ல முடியாது. எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார்.

தான் நினைத்தது தவறு என்பதை வைட்ஹெட் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஸ்னோவும் அவரும் நண்பர்களாயினர்.

இன்று ஆய்வுக்கூடங்கள் கிருமியைக் கண்டறிந்து சொல்கின்றன. ஆனால், நோய் கண்ட வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்பதற்கு இன்றும் மனிதர்களே தேவை. நம் தெருவில் ஒரு வீட்டில் நோய் என்றால், நாம் ஒதுங்கிப்போகிறோமா, உள்ளே சென்று விசாரிக்கிறோமா? நம் குடிநீர்க் குழாயருகே கசியும் சாக்கடையைப் பார்த்தும் பேசாமலிருக்கிறோமா?