முன்வார்ப்புக் கொங்கிறீட்டும் மூட்டின் வலிமையும்

வீடு கட்டுதல் நெடுங்காலமாகக் கட்டுமிடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிவுறும் தொழிலாக இருந்து வந்தது. கல்லும் மரமும் சுண்ணாம்பும் அவ்விடத்துக்கு வந்து சேரும். கொத்தரும் தச்சரும் மழைக்கு ஒதுங்கியும் வெயிலிற் காய்ந்தும் வரிசை வரிசையாகச் சுவரை எழுப்புவர். இருபதாம் நூற்றாண்டிலே இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. வீட்டின் சுவரும் தளமும் படிக்கட்டும் தொலைவிலுள்ள தொழிற்சாலையிலே வார்க்கப்பட்டு, பாரவண்டியில் ஏற்றப்பட்டு, கட்டுமிடத்திலே பாரந்தூக்கியினால் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தப்படலாயின. இம்முறையே முன்வார்ப்புக் கொங்கிறீட்டு முறை எனப்படுகின்றது.

இதன் செய்முறை எளிதானது. உருக்கினாலோ மரத்தினாலோ ஆன அச்சினுள்ளே கம்பிகளை அமைத்து, யன்னலுக்கும் வாயிலுக்கும் உரிய இடங்களை விட்டு, கொங்கிறீட்டை ஊற்றுவர். நீராவியின் வெம்மையிலே அது விரைந்து இறுகும். மறுநாளே பலகையை வெளியே எடுத்து, அதே அச்சிலே அடுத்ததை வார்க்கலாம். மழையும் பனியும் வேலையைத் தடுப்பதில்லை. கலவையின் அளவைச் செவ்வையாகப் பேணலாம். தேர்ந்த கொத்தர் பலர் தேவையில்லை. ஆனால் இந்நன்மைகளோடு ஒரு வினாவும் பிறந்தது. தனித்தனியே வார்த்த துண்டுகளை ஒரே கட்டடமாக்குவது எது? அந்த வினாவுக்குச் சரியான விடை காண உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்விடைக்கு மனித உயிர்களையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் மாநகரத்துப் பொறியியலாளரான ஜோன் அலெக்சாந்தர் புரோடி. உதைபந்தாட்டக் கோற்கம்பங்களுக்கு வலை கட்டும் வழக்கத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. இலிவர்ப்பூலின் ஏழைத் தொழிலாளர் நெருக்கமான இருட்டறைகளில் வாழ்ந்த காலம் அது. நகரத்துக் குப்பையை எரித்தபின் எஞ்சிய கட்டிச் சாம்பலை நொறுக்கிச் சீமெந்துடன் கலந்து, பெரும் பலகைகளாக வார்த்து, அவற்றினால் எல்டன் தெருவில் மூன்று மாடிக் குடியிருப்பொன்றை அவர் எழுப்பினார். 1905 ஆம் ஆண்டில் அது நிறைவுற்றது. அதே ஆண்டு லெச்வேர்த் நகரில் மலிவு வீடுகளின் கண்காட்சி நடைபெற்றபோது, அவ்வகைப் பலகைகளை இலிவர்ப்பூலிலிருந்து கொண்டுசென்று சிறு வீடொன்றையும் அமைத்துக் காட்டினார். எல்டன் தெருக் கட்டடம் இன்று இல்லை. லெச்வேர்த்தில் நிறுவிய சிறு வீடோ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கின்றது.

புரோடியின் எண்ணம் அக்காலத்திற் பரவவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவிலும் ஒல்லாந்திலும் ஜேர்மனியிலும் இத்தகைய முயற்சிகள் சிற்சில நிகழ்ந்தன. பேர்லினிலும் பிராங்பேர்ட்டிலும் 1926 ஆம் ஆண்டு தொடக்கம் பலகை வீடுகள் எழுந்தன. எனினும் இம்முறைக்கு உண்மையான தேவையை உண்டாக்கியது இரண்டாம் உலகப் போரின் அழிவேயாகும். குண்டு வீச்சினால் ஐரோப்பிய நகரங்கள் பல பாழாயின; கோடிக்கணக்கானோர் வீடிழந்தனர்; கைதேர்ந்த தொழிலாளருக்கும் பெரும் பற்றாக்குறை நிலவியது. இந்நிலையிலே பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ரேமண்ட் கமியூ என்பவர் தாம் வகுத்த பலகை முறைக்கு 1948 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். டென்மார்க்கிலே லார்சன்-நீல்சன் முறையும் அக்காலத்திலேயே உருவாயிற்று.

இம்முறையை மிகப் பெரிய அளவிலே கைக்கொண்ட நாடு சோவியத்து ஒன்றியம். 1954 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கட்டடத் தொழிலாளர் மாநாட்டிலே பேசிய நிக்கிற்றா குருஷேவ், தூண்களிலும் கோபுரங்களிலும் பொருளை விரயமாக்கும் போக்கைக் கடுமையாகக் கண்டித்து, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீட்டே இனி வழி என்றார். மொஸ்கோவில் விற்றாலி லகுத்தெங்கோ என்னும் பொறியியலாளர் வகுத்த மாதிரியிலும் அதனையொத்த பிற மாதிரிகளிலும் ஐந்து மாடிக் குடியிருப்புகள் நாடெங்கும் பெருகின. ஐந்து மாடிகளுக்கு மேற்படாதவாறு அமைத்தமையால் மின்தூக்கி தேவைப்படவில்லை. சமையலறை சிறியது, கூரை தாழ்ந்தது, சுவரினூடே அடுத்த வீட்டுப் பேச்சுக் கேட்கும். ஆயினும் ஒரே அறையில் ஒரு குடும்பமும், ஒரே அடுக்களையிற் பல குடும்பங்களுமாக வாழ்ந்தவர்களுக்குத் தம் கதவைத் தாமே பூட்டிக்கொள்ளும் உரிமை அவ்வீடுகளிலேதான் முதன்முதலாகக் கிட்டியது. பின்னாளில் அவற்றைப் பழித்தவர்களும் இந்த உண்மையை மறுத்ததில்லை.

பிரித்தானியாவோ வேறொரு வழியிற் சென்றது. அந்நாடு உயரத்தை விரும்பியது. கட்டடத்தின் மாடிகள் கூடக்கூட அரசின் உதவித்தொகையும் கூடுமாறு 1956 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கை அரசாங்கம் வகுத்தபோது, தொழிற்சாலை முறையே அதற்கு உகந்தது எனப் பலரும் கருதினர். உள்ளூராட்சி மன்றங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உயர்ந்த தொடர்மாடிகளை எழுப்பின. அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்றுதான் கிழக்கு இலண்டனில், நியூகாம் பகுதியிலுள்ள கானிங் டவுனில் அமைந்த ரோனன் பொயின்ற். லார்சன்-நீல்சன் முறையில் அமைந்த அந்தக் கட்டடத்தில் 22 மாடிகளும் 110 வீடுகளும் இருந்தன. 1968 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது நிறைவுற்றது. குடும்பங்கள் மகிழ்ச்சியோடு குடிபுகுந்தன.

இரண்டு மாதங்களே கழிந்தன. மே மாதம் 16 ஆந் திகதி, காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், பதினெட்டாம் மாடியிற் குடியிருந்த பெண்மணி ஒருவர் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் பொருட்டுத் தீக்குச்சியைப் பற்றவைத்தார். இரவெல்லாம் கசிந்து நிறைந்திருந்த எரிவாயு வெடித்தது. அவ்வீட்டின் மூலையிலிருந்த வெளிச்சுவர்ப் பலகை பெயர்ந்து வெளியே விழுந்தது. அதன்மேல் தாங்கியிருந்த நான்கு மாடிகளின் மூலைப் பகுதிகள் தாங்குவாரின்றிச் சரிந்தன. அவற்றின் பாரம் கீழே விழ, ஒவ்வொரு மாடியாக நிலம் வரை அக்கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு வீடு போற் குலைந்தது. நால்வர் மாண்டனர், 17 பேர் காயமுற்றனர். சரிந்த மூலையிற் பெரும்பாலும் இருப்பறைகளே இருந்தன; மக்கள் படுக்கையறைகளில் உறங்கிக்கொண்டிருந்தனர். அதனாலேயே இறந்தோர் தொகை இவ்வளவில் நின்றது. தீக்குச்சியைப் பற்றவைத்த பெண்மணியும் உயிர் தப்பினார்.

இவ்விபத்தை ஆராய்வதற்கு ஹியூ கிரிபித்ஸ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. அடுப்பின் வாயுக் குழாயை இணைத்த பித்தளைச் சுரையொன்று தரக்குறைவானதாயிருந்து வெடித்தமையே கசிவுக்குக் காரணம் என அக்குழு கண்டது. ஆனால் அதனிலும் பெரிய உண்மையொன்றும் வெளிப்பட்டது. நேர்ந்த வெடிப்பு அசாதாரணமானதன்று. வாயு வெடிப்புகள் பிற வீடுகளிலும் நிகழ்வனவே. அச்சுவரைப் பெயர்ப்பதற்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தல் அமுக்கமே போதுமாயிருந்தது.

ஏன் இவ்வாறாயிற்று? செங்கற் சுவரிலே ஒரு கல் இரண்டு கற்களைத் தழுவி நிற்கும். கட்டுமிடத்தில் ஊற்றிய கொங்கிறீட்டிலே கம்பி இடையறாது ஓடும். ஓரிடம் உடைந்தால் பாரம் வேறு வழியாக இறங்கும். ரோனன் பொயின்றிலோ கீழ்ச்சுவரின்மேல் தளப்பலகையின் விளிம்பும், அதன்மேல் மேற்சுவரும், இடையிற் சிறிது சாந்தும் இருந்தன. மேலிருந்து அழுத்தும் பாரமே அவற்றைப் பெரும்பாலும் பிடித்து வைத்தது. மேலிருந்து வரும் சுமையை அம்மூட்டு நன்கு தாங்கியது. பக்கவாட்டில் வந்த ஓர் உந்தலைத் தாங்கவில்லை. உச்சியை நெருங்க நெருங்க மேற்பாரம் குறைவதால் பிடிப்பும் குறைந்தது. சுவரொன்று போனால் அதன் வேலையை ஏற்பதற்கு வேறெதுவும் அங்கிருக்கவில்லை.

வருந்தத்தக்கது யாதெனில், அன்றிருந்த கட்டட விதிகளுக்கு இவ்வமைப்பு முரணாக இருக்கவில்லை. அவ்விதிகள் பழைய கட்டட முறைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. தொழில் மாறியது, விதி மாறவில்லை. விசாரணையின் பின்னர் ஒத்த அமைப்புடைய உயர்ந்த கட்டடங்களை வலுவூட்டுமாறும், அதுவரை எரிவாயுவை நிறுத்துமாறும் அரசாங்கம் பணித்தது. 1970 ஆம் ஆண்டில் விதிகளும் திருத்தப்பட்டன. ஐந்து மாடிகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் தாங்கும் உறுப்பொன்று போய்விட்டாலும் அழிவு அவ்விடத்தோடு அடங்கவேண்டும். அல்லாவிடின் அவ்வுறுப்புச் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கவேண்டும். சிறு காரணத்தாற் பேரழிவு விளையலாகாது என்னும் இக்கொள்கை பின்னர்ப் பல நாடுகளின் கட்டட விதிகளிலும் இடம்பெற்றது.

சரிந்த மூலை மீண்டும் கட்டப்பட்டது. மக்களும் திரும்பி வந்தனர். எனினும் கதை அத்துடன் முடியவில்லை. சுவருக்கும் தளத்துக்கும் இடையே வெடிப்புகள் தோன்றுவதைச் சாம் வெப் என்னும் கட்டடக்கலைஞர் விடாது எடுத்துரைத்து வந்தார். இறுதியில் 1986 ஆம் ஆண்டில் அக்கட்டடத்தை அகற்றியபோது, வெடிவைத்துத் தகர்க்காமற் பலகை பலகையாகக் கழற்றினர். அப்போதுதான் மூட்டுகளின் உள்ளே இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. சாந்து இறுக நிரம்பியிருக்கவேண்டிய இடங்களில் வெற்றிடங்களும் குப்பையும் செய்தித்தாள்களும் காணப்பட்டன. தொழிற்சாலையில் அளந்து வார்த்த பலகைகள் குறையற்றவையாக இருந்தும், கட்டுமிடத்தில் அவசரத்திலே நிரப்பிய ஒரு விரற்கடை இடைவெளி அத்தனை செம்மையையும் வீணாக்கியிருந்தது. மூட்டு மூடப்பட்டபின் அதனைக் காண்பார் எவருமில்லை. கைதேர்ந்தவர் தேவையில்லை என்பதே இம்முறையின் புகழாக இருந்தது. உண்மையிலோ அந்த ஓரிடத்திலேதான் கைத்திறனும் நேர்மையும் எல்லாவற்றிலும் மேலாகத் தேவைப்பட்டன.

இதனால் முன்வார்ப்பு முறையே தீது எனக் கொள்ளலாமா? 1988 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆந் திகதி ஆர்மீனியாவில் நேர்ந்த நிலநடுக்கம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது. ஏறத்தாழ 25,000 மக்களைப் பலிகொண்ட அவ்வழிவிலே, இப்போது கியூம்ரி எனப்படும் லெனினாக்கான் நகரில் முன்வார்ப்புத் தூண்களாலும் உத்தரங்களாலும் அமைந்த ஒன்பது மாடிக் கட்டடங்களிற் பாதிக்கும் மேற்பட்டவை தரைமட்டமாயின. அதே நகரில், முன்வார்ப்புப் பலகைகளால் அமைந்த கட்டடங்களோ சிறு சேதத்துடன் நின்றன. இரண்டும் முன்வார்ப்பே. அந்நகரின் அடியிலுள்ள ஆழ்ந்த மென்மண் அதிர்வைப் பெருக்கியமையும் ஒன்பது மாடிக் கட்டடங்களுக்குப் பாதகமாயிற்று. ஆயினும் தூண் அமைப்பிலே பாரம் முழுவதும் சில மூட்டுகளையே நம்பியிருந்தது. அதிர்ச்சி மிகுந்த இடங்களும் அவையே. பலகை அமைப்பிலோ இரு திசையிலும் சுவர்கள் பலவாக ஓடி, நீண்ட மூட்டுகளினால் ஒன்றையொன்று பற்றியிருந்தன.

மொஸ்கோவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய குடியிருப்புகளை அகற்றிப் புதியன கட்டும் திட்டம் 2017 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குருஷேவ் காலத்து ஐந்து மாடி வீடுகளே அவற்றுட் பெரும்பாலானவை. ஆயினும் முன்வார்ப்புக் கொங்கிறீட்டு வீடுகள் இன்னும் உலகெங்கும் எழுந்துகொண்டிருக்கின்றன. இன்று அவற்றின் மூட்டுகளினூடே உருக்குக் கம்பிகள் மேலிருந்து கீழாகவும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகவும் தொடர்ந்து ஓடுகின்றன. பலகைகளைக் கட்டடமாகப் பிணைப்பவை அவையே. கானிங் டவுனில் ரோனன் பொயின்றும் அதனோடு எழுந்த மற்றை எட்டு மாடங்களும் இன்று இல்லை. அவை நின்ற நிலத்திலே தோட்டத்துடன் கூடிய தாழ்ந்த வீடுகள் அமைந்துள்ளன. நால்வரின் உயிர் கொடுத்துப் பெற்ற அந்த விதியோ, உயர்ந்த கட்டடம் ஒன்று வரையப்படும் இடமெங்கும், சுவரும் தளமும் கூடும் சிறு மூட்டிலே கம்பியாக எழுதப்பட்டு வருகின்றது.