உதிரிப்பாகமும் உரிமையும்: திருகோணமலைத் துறைமுகத்தின் இயந்திர வரலாறு

துறைமுகங்களின் வரலாறு பெரும்பாலும் கொடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. திருகோணமலையைப் பொறுத்தவரையில், போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1639 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும், 1795 இல் அது ஆங்கிலேயர் வசமானதும், 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டதும் மாணவர் யாவரும் அறிந்த செய்திகளாகும். ஆயின், கொடி இறங்கிய மறுநாளும் அவ்விடத்திலேயே நின்ற பம்பிகளையும் வால்வுகளையும் குழாய்களையும் பற்றி நமது வரலாற்று நூல்கள் பேசுவது அரிது. ஓர் இயந்திரத்தை உடைமையாகப் பெறுவது ஒன்று. அதனைத் தொடர்ந்து இயக்கும் ஆற்றலைப் பெறுவது பிறிதொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்கும் கருவி உதிரிப்பாகமே எனலாம்.

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இதற்குத் தலையாய சான்றாகும். பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியதன் விளைவாக, நெடுந்தூரக் கடற்பாதைகளில் எரிபொருள் சேமிப்பிடங்கள் இன்றியமையாதனவாயின. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சிங்கப்பூரை நோக்கிய கடற்படைத் திட்டத்தின் ஒரு கண்ணியாகவே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடிய குதங்கள் இங்கு அமைக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று தீக்கிரையாயிற்று. இன்று 99 குதங்கள் எஞ்சியுள்ளன.

இத்தகைய அமைப்பொன்று குதங்களால் மட்டும் இயங்குவதன்று. எண்ணெயைக் கப்பலிலிருந்து ஏற்றும் பம்பிகள், அதனை வேண்டிய குதத்திற்குத் திருப்பும் வால்வுகள், மட்டத்தைக் காட்டும் அளவுமானிகள் ஆகியன சேர்ந்தே அதனை ஒரு தொகுதியாக்குகின்றன. பேரரசின் காலத்தில் இவற்றிற்கான உதிரிப்பாகம் ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. வாங்குபவர் ஒருவரே, நியமங்களை வகுத்தவரும் அவரே, வரைபடங்களும் பண்டசாலைகளும் அவரிடமே இருந்தன. திருகோணமலையில் தேய்ந்த ஒரு வால்வுக்கு மாற்று, அதே அளவில், பேரரசின் வேறொரு தளத்திலும் கிடைக்கக்கூடியதாயிருந்தது.

எனினும் அக்காலத்திலேயே இவ்வொழுங்கின் எல்லைகள் வெளிப்படாமலில்லை. 1944 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கீழைக் கடற்படை கென்யாவின் கிலிண்டினியிலிருந்து மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. அதன் தேவைக்காக இந்தியாவில் கட்டப்பட்ட பெரிய மிதக்கும் திருத்தகம் ஒன்று இங்கு நிறுத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 ஆந் திகதி ‘வேலியன்ட்’ என்ற போர்க்கப்பலைத் தாங்கியிருந்த வேளையில் அத்திருத்தகம் முறிந்து மூழ்கியது. மிதக்கும் திருத்தகத்தின் அடிப்பகுதி பல நீரறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எவ்வறையின் நீரை எவ்வரிசையில் வெளியேற்றுவது என்பதே அதனை இயக்கும் கலை. அவ்வரிசை பிழைத்தமையே முறிவுக்குக் காரணமாயிற்று. சேதமுற்ற கப்பலைத் திருத்தும் வசதி அதன்பின் இங்கு இருக்கவில்லை. சுயஸ் கால்வாயைக் கடக்க இயலாது, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே அது பிரித்தானியா திரும்பிற்று. ஒரேயொரு சாதனத்தில் முழுத் தளமும் தங்கியிருக்குமாயின் அதன் இழப்பு எத்தகையது என்பதற்கு இதனிலும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

1957 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி திருகோணமலைத் தளம் இலங்கை வசமாயிற்று. அரசியல் நோக்கில் இது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், வாங்குபவரும் நியமம் வகுப்பவரும் பண்டசாலை வைத்திருப்பவரும் ஒருவராயிருந்த ஒழுங்கு அன்றோடு அறுந்தது. இனி இலங்கை, பல வாடிக்கையாளருள் ஒரு சிறு வாடிக்கையாளராக, தொலைவிலுள்ள உற்பத்தியாளரிடம் பழைய பாகங்களைக் கேட்கும் நிலை உருவாயிற்று.

அவ்வேளையில் உற்பத்தியாளரின் உலகமும் மாறிக்கொண்டிருந்தது. பிரித்தானிய இயந்திரங்களின் திருகாணிகள் 1841 இல் யோசப் விற்வேர்த் முன்வைத்த முறையைப் பின்பற்றியவை; அவற்றின் புரிக்கோணம் 55 பாகை. அமெரிக்கப் புரியோ 60 பாகை. உலகப் போரின்போது நேச நாடுகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது இடர் விளைத்தமையால், 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகை கொண்ட பொதுப் புரியொன்றை ஏற்றன. 1965 இல் பிரித்தானியக் கைத்தொழில் மெற்றிக் முறையை நோக்கித் திரும்பியது. பழைய புரிக்கும் புதிய புரிக்கும் பல அளவுகளில் அங்குலத்துக்குரிய சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றே. அதனால் சுரை ஏறுவதுபோலத் தோன்றும், ஆயினும் கோணம் வேறாகையால் இறுக்கம் செம்மையாகாது. அரை அங்குல ஆணியிலோ அவ்வெண்ணிக்கையே 12 எனவும் 13 எனவும் வேறுபடும். ஒரு துறைமுகத்தின் வால்வு தேயாமலும் உடையாமலுமே பழமைப்பட்டுவிடக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. பல்லாயிரம் மைல்களுக்கப்பால் எட்டப்படும் ஓர் உடன்பாடு அதனை அநாதையாக்க வல்லது.

உள்நாட்டு நிலைமையும் சாதகமாக அமையவில்லை. 1960 களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1968 இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தியாவசியமானவை எனக் கொள்ளப்படாத இறக்குமதிகளுக்கு மேலதிக விலை செலுத்த வேண்டியதாயிற்று. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை வரை இக்கட்டுப்பாடுகள் பல வடிவங்களில் நீடித்தன. அரிசியும் மாவும் மருந்தும் முந்திக்கொள்ளும் ஒரு வரிசையில், எவரும் காணாத ஒரு பம்பியின் உருளைத்தாங்கி பின்தள்ளப்படுவது இயல்பே. அதைப் பிழையெனக் கூறுதல் எளிதன்று. ஆனால் ஒரு சிறு பாகத்துக்கான செலவு மறுக்கப்படும்போது முழு இயந்திரத்தின் முதலீடும் முடங்குகின்றது என்ற உண்மையும் மறக்கத்தக்கதன்று.

பிரித்தானிய இயந்திரங்களுக்கு மட்டுமே உரிய அவலம் இதுவெனக் கருதுதல் ஆகாது. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாயில், செக்கோசிலோவாக்கியாவின் உதவியுடன் 1960 அளவில் சீனித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1993 இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டின் முதல் நாளிலேதான் செக்கோசிலோவாக்கியா என்ற நாடும் இரண்டாகப் பிரிந்து உலகப்படத்திலிருந்து மறைந்தது. இவ்விரண்டிற்கும் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும், ஓர் இயந்திரம் தன்னை ஈன்ற நாட்டினும் நீண்ட ஆயுள் உடையதாக இருக்கக்கூடும் என்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளல் தகும்.

எண்ணெய்க் குதங்களின் பிற்கால வரலாறு இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளற்பாலது. 1987 இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களில், இக்குதங்களைப் புனரமைத்து இயக்குதல் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகக் குறிக்கப்பட்டது. 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனம் இங்கு காலூன்றி, கடலோரமாக அமைந்த கீழ்த்தொகுதியைப் பயன்படுத்தலாயிற்று. மேற்தொகுதியின் குதங்களைக் காடு சூழ்ந்திருந்தது. 2022 ஜனவரியில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கும், 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், ஏனைய 61 குதங்கள் 51க்கு 49 என்ற விகிதத்தில் அமைந்த கூட்டு நிறுவனத்துக்கும் உரியனவாயின. ‘எவருக்கு எத்தனை’ என்ற வினாவே பொதுவிவாதத்தில் மேலோங்கியது. ‘எவற்றைக் கொண்டு, எவர் கையால், எவ்வளவு காலம் இயக்குவது’ என்ற வினா அதே அளவு கவனம் பெற வேண்டியதாகும்.

இயந்திரத்தை உருவாக்கியவன் அதனைக் கைவிட்டபின் அதனைக் காக்கும் வழிகள் பொறியியலில் மூன்றே. முதலாவது, ஒரே வகையான சாதனங்களுள் சிலவற்றைக் கழற்றி ஏனையவற்றை வாழவைத்தல். இது விரைவானது, ஆனால் ஒவ்வொரு திருத்தமும் கையிருப்பை உண்டுவிடும். இரண்டாவது, பழைய பாகத்தை அளந்து உள்ளூர்ப் பட்டறையில் வார்த்துக் கடைந்து எடுத்தல். இதற்கு வரைபடமும் கைத்திறனும் வேண்டும். மூன்றாவது, தொகுதி முழுவதையும் புதிய நியமத்துக்கு மாற்றல். இதற்கு முதல் வேண்டும், அத்தோடு புதிய உற்பத்தியாளரிடம் புதியதோர் சார்பும் உருவாகும். இவற்றுள் இரண்டாவது வழியே ஒரு நாட்டின் அறிவைப் பெருக்குவது.

இலத்திரனியல் யுகத்தில் இவ்வழி மேலும் குறுகிவிட்டது. 1960 களின் இறுதியில் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலைகளின் தேவைக்காகத் தோன்றிய நிரலாக்கக் கட்டுப்படுத்திகள், இன்று உலகெங்கும் ஆலைகளையும் எண்ணெய்ப் பம்பிகளையும் இயக்குகின்றன. வார்ப்பிரும்பு வால்வொன்றைப் பட்டறையில் மீளச் செய்யலாம். உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு நுண்சில்லை அவ்வாறு செய்தல் இயலாது. அதனுள் எழுதப்பட்ட நிரலின் பிரதி தொலைந்துவிடின், பாகம் கிடைத்தும் பயனில்லை. அரை நூற்றாண்டு நின்ற பழைய இயந்திரங்களின் இடத்தில், ஓரிரு தசாப்தங்களிலேயே துணையற்றுப்போகும் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் வந்துள்ளன.

ஆகவே திருகோணமலை தரும் படிப்பினை பழங்கதையன்று. இயந்திரத்தை வாங்கும் ஒப்பந்தத்திலேயே வரைபடத்தையும் நியமத்தையும் நிரலையும் கேட்டுப் பெறுதல், அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக்கூடிய தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றுதல், ஓய்வுபெறும் தொழிலாளியின் அனுபவத்தை ஏட்டில் பதித்தல் ஆகியன சிறு காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் சீனக்குடாவின் காட்டிடையே நெடுங்காலம் வெறுமையாய் நின்ற குதங்கள், அச்சிறு காரியங்களைச் செய்யாமையின் விலையை நமக்கு எண்ணிக் காட்டுகின்றன. கொடியை ஏற்ற ஒரு நாள் போதும். அதன் கீழுள்ள பம்பியை ஓடவைக்க ஒரு தலைமுறையின் கல்வி வேண்டும்.