தென்காசி மாவட்டம்

தென்காசி மாவட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பட்டது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், சிவகிரி, ஆலங்குளம், வீரகேரளம்புதூர், திருவேங்கடம் ஆகியவை இதன் வட்டங்கள். மாவட்டம் புதியது என்றாலும் இந்த நிலப்பகுதி பழைய பாண்டிய நாட்டின் ஒரு துண்டு.

மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. செங்கோட்டை அருகே ஆரியங்காவுக் கணவாயில் அது தாழ்வதால், தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்து சாரலைக் கொண்டுவருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும்போது இங்கே குற்றால சீசன். மலையில் பிறக்கும் சிற்றாறு தேனருவி, செண்பகாதேவி வழியாக இறங்கி, பேரருவியாக விழுந்து, பாறைக் குழியான பொங்குமாங்கடலில் பொங்கி வழிந்து, கடைசியில் தாமிரபரணியில் கலக்கிறது. கிழக்கே போகப்போகச் சாரல் குறைந்து கரிசல் பூமி தொடங்குகிறது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்போனது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் வயல் பார்க்கவே கூட்டம் வரும்.

மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியருக்குத் தென்காசி தலைநகரானது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினான். இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் யாராயினும் அவர்களைப் பணிவதாக அவன் கல்வெட்டில் பாடி வைத்தான். தமிழக மன்னர்களின் சொற்களில் இதைவிட உருக்கமானது அரிது. கோயிலுக்குக் கேடு வருமோ என்று அவன் அஞ்சியது நடக்கவும் செய்தது. ராஜகோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் அதை மொட்டைக் கோபுரமாகவே பார்த்தன. ஊர் கூடி மீண்டும் எழுப்பிய ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதன் உயரம் சுமார் 180 அடி. அதன் வாசலில் ஆளைத் தள்ளும் காற்று எப்போதும் வீசும்.

ஆங்கிலேயரை எதிர்த்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அந்தச் செங்கோட்டை திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழர் போராட்டத்தின் பயனாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கொல்லத்திலிருந்து கணவாய் வழியாக வரும் ரயில் பாதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1904இல், இரு பக்கத்தையும் இணைத்திருந்தது.

மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ இம்மண்ணின் பெருமை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் தங்கி அந்தச் சுவையை நாட்டுக்கெல்லாம் பரப்பினார். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையும் குற்றாலத்தில் உண்டு. அங்கே இறைவன் சுவரோவியமாகக் காட்சி தருகிறார். சங்கரன்கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும்.

தமிழ்நாட்டில் முத்திரை, மரம், பூ போன்ற சின்னங்கள் மாநிலத்துக்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. வரையாடு, மரகதப்புறா, பனை, செங்காந்தள் என்ற அந்த வரிசையில் பனையும் செங்காந்தளும் இம்மாவட்டத்தாருக்கு அன்றாடக் காட்சி. அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் பக்கத்துத் திருவில்லிபுத்தூருடையது என்பர். தென்காசிக்கு ஒரு முத்திரை வரையப்பட்டால், மக்கள் மறுபடி எழுப்பிய தங்கள் கோபுரமே அதில் இடம்பெறத் தகும்.