மலை மிதிவண்டி டயர்

மலை மிதிவண்டி டயர் என்பது கல், மண், மரவேர், சேறு ஆகியவை நிறைந்த தடங்களில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட, மேற்பரப்பில் தடித்த ரப்பர்க் குமிழ்களைக் கொண்ட மிதிவண்டி டயர் ஆகும். சாலை மிதிவண்டிகளின் டயரைவிட இது அகலமானது. மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் இயங்குவது. காட்டுத்தட ஓட்டத்திலும் மலையிறக்க ஓட்டத்திலும் ஓட்டுநரைத் தரையுடன் இணைப்பவை உள்ளங்கையைவிடச் சிறிய இரண்டு தொடுபரப்புகள் மட்டுமே. எனவே மிதிவண்டியின் உறுப்புகளுள் பாதுகாப்பை நேரடியாகத் தீர்மானிப்பவற்றில் பிரேக்குக்கு அடுத்த இடம் டயருக்கு உண்டு.

டயரின் பிடிமானத்தைக் குமிழ்களின் தோற்றத்தைக் கொண்டே பலரும் மதிப்பிடுகின்றனர். உண்மையில் ரப்பர்க் கலவை, டயரின் உடல், காற்றழுத்தம் ஆகியவையும் பிடிமானத்தில் ஏறக்குறைய அதே அளவு பங்கு வகிக்கின்றன.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் மாவட்டத்தில் 1970களில் உருப்பெற்றது. அங்கு 1976 ஆம் ஆண்டில் தொடங்கிய 'ரீபேக்' என்னும் இறக்கப் பந்தயத்தில், 1930கள், 1940களைச் சேர்ந்த பழைய மிதிவண்டிகளே பயன்பட்டன. நீண்ட இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கினுள் இருந்த மசகு எரிந்து போய்விடும். ஓட்டம் முடிந்ததும் புதிய மசகு இட வேண்டும். பந்தயத்தின் பெயர் இதிலிருந்தே வந்தது. அம்மிதிவண்டிகள் விரும்பப்பட்டதற்கு அவற்றின் 26 அங்குல அகல டயர்களும் ஒரு காரணம். ஷ்வின் நிறுவனம் 1933 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, 2.125 அங்குல அகலம் கொண்ட 'பலூன்' டயரின் வழிவந்தவை அவை.

1999 ஆம் ஆண்டில் மாவிக், மிஷலின், ஹட்சின்சன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் இணைந்து டியூப் இல்லாத டயர் முறையை மலை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தன. பிடிமானத்தைப் பொறுத்தவரை இதுவே மிகப் பெரிய திருப்பம் எனலாம். காரணம் கீழே காற்றழுத்தம் பற்றிய பகுதியில் தரப்பட்டுள்ளது.

பிடிமானம் உண்டாகும் விதம்

தரையைப் பொறுத்துப் பிடிமானம் இருவேறு வழிகளில் உண்டாகிறது. இளகிய மண்ணில் குமிழ்கள் மண்ணுக்குள் இறங்கி அதைப் பற்றுகின்றன. இங்கு மண்ணின் உறுதியே எல்லையாகும். மண் பெயர்ந்தால் டயரும் வழுக்கும். பாறையிலும் மரவேரிலும் குமிழ் உள்ளே இறங்க இயலாது. அங்கு ரப்பர் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து ஒட்டிக்கொள்வதே பிடிமானமாகிறது. சேற்றில் சிறந்து விளங்கும் டயர் ஈரப் பாறையில் ஏமாற்றுவதன் காரணம் இவ்வேறுபாடே.

ரப்பர்க் கலவை

ரப்பரின் கடினத்தன்மை 'ஷோர் ஏ' என்னும் அளவுகோலில் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது. தைவானின் செங் ஷின் நிறுவனத்தின் மேக்சிஸ் டயர்களில் நீண்டகாலம் விற்கப்பட்ட பொதுவான கலவை 60 என்ற அளவிலும், மலையிறக்கப் பந்தயத்துக்கான 'சூப்பர் டாக்கி' கலவை 42 என்ற அளவிலும் இருந்தன. மென்மையான ரப்பர் பாறையின் வடிவத்துக்கு எளிதில் இணங்குகிறது.

எனினும் இந்த எண் மட்டும் போதுமானதன்று. அமுங்கிய ரப்பர் எவ்வளவு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதும் முக்கியம். மெதுவாக மீளும் ரப்பர் கல்லின் மீது துள்ளாமல் தரையோடு ஒட்டிச் செல்லும். அதே பண்பினால் ஆற்றல் வெப்பமாக வீணாகி, ஏற்றத்தில் மிதிப்பது கடினமாகிறது. பிடிமானமும் எளிதான உருளலும் ஒரே ரப்பரில் முழுமையாகக் கிடைப்பதில்லை. கடுங்குளிரில் ரப்பர் விறைத்து, பிடிமானம் மேலும் குறையும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக ஒரே டயரில் பல கலவைகள் பயன்படுத்தப்படுகின்றன. மேக்சிஸின் '3சி' முறையில் அடியில் கடினமான கலவையும், நடுவில் அதைவிட மென்மையானதும், பக்கக் குமிழ்களில் மிக மென்மையானதும் இடம்பெறுகின்றன. இம்முறையிலும் 'மேக்ஸ்கிரிப்' மிக மென்மையானது, 'மேக்ஸ்டெரா' நடுத்தரமானது. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் 2017 இல் அறிமுகப்படுத்திய 'அடிக்ஸ்' கலவைகளை டயரின் நடுவில் ஓடும் வண்ணக் கோட்டைக் கொண்டு அறியலாம்: செம்மஞ்சள் மென்மையானது, ஊதா மிக மென்மையானது.

குமிழ் அமைப்பு

நடுக் குமிழ்கள் பிரேக் பிடிப்பதற்கும் மிதிப்பதற்கும், பக்கக் குமிழ்கள் வளைவில் சாய்வதற்கும் உதவுகின்றன. நடுக் குமிழின் முன்விளிம்பு சரிவாக இருந்தால் டயர் எளிதாக உருளும். பின்விளிம்பு செங்குத்தாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது மண்ணைக் கவ்வும். டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2000களின் தொடக்கத்தில் வந்த மேக்சிஸ் மினியன் டிஹெச்எஃப் இன்றும் பலவற்றுக்கு முன்மாதிரியாக உள்ளது. அதன் நடுக் குமிழ்களுக்கும் பக்கக் குமிழ்களுக்கும் இடையே தெளிவான இடைவெளி உண்டு. மிதிவண்டியை நன்கு சாய்ப்பவருக்கு அதன் பக்கக் குமிழ்கள் உறுதியான பிடிப்பைத் தரும். தயங்கிப் பாதியளவே சாய்ப்பவர் அந்த இடைவெளியில் நின்று வழுக்கக்கூடும். 2018 இல் வெளியான அசகாய் டயர் இடைக் குமிழ்களால் இவ்விடைவெளியை நிரப்பியது. மலையிறக்கப் பந்தயத்தில் நான்கு முறை (2003, 2012, 2013, 2021) உலக வாகையரான தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரின் பங்களிப்புடன் இது உருவானது. பெயர் தென்னாப்பிரிக்க ஈட்டி ஒன்றைக் குறிப்பது. புதிதாகப் பழகுவோருக்கு முன்சக்கரத்தில் இவ்வகை டயரே ஏற்றது.

தரைக்கேற்ற வேறுபாட்டைக் காண ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வரிசை நல்ல எடுத்துக்காட்டு. இறுகிய உலர் தரைக்கு சைனோடல், கலப்புத் தரைக்கு கிரிப்டோடல், இளகிய மண்ணுக்கு ஆர்கோடல், சேற்றுக்கு ஹைட்ரோடல் எனப் பகுக்கப்பட்டுள்ளது. பொதுவாக இளகிய மண்ணுக்கு உயர்ந்த, இடைவெளி மிகுந்த குமிழ்களும், இறுகிய தரைக்குத் தாழ்ந்த, நெருங்கிய குமிழ்களும் ஏற்றவை. ஆணி போன்ற சேற்றுக் குமிழ்கள் பாறையில் வளைந்து நெளியும். ஆகவே பந்தய வீரர்கள் அவற்றின் நுனியை வெட்டிக் குட்டையாக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. ஈர மரவேரின் மீது எந்தக் குமிழும் பெரிதாக உதவாது.

டயரின் உடல்

குமிழ்களைத் தாங்கும் நூலிழைகளாலான அடுக்கே டயரின் உடல் ஆகும். மெல்லிய உடல் எடை குறைவானது, நன்கு வளைந்து கொடுப்பது. ஆனால் கூரிய கல்லில் கிழியும், வேகமான வளைவில் மடியும். மலையிறக்க டயர்களில் உடல் இரட்டை அடுக்காக அமைக்கப்படுகிறது. 29 அங்குலச் சக்கரத்துக்கான 2.5 அங்குல டயர், காட்டுத்தட வகையில் சுமார் 1 கிலோகிராமும், மலையிறக்க வகையில் சுமார் 1.3 கிலோகிராமும் இருக்கும்.

தடித்த உடலின் பயன் கிழியாமை மட்டுமன்று. அது மடியாமல் தாங்குவதால் காற்றழுத்தத்தை மேலும் குறைக்க முடிகிறது. ஷ்வால்பே 2024 இல் வெளியிட்ட ரேடியல் டயர்களில் இழைகளின் கோணம் மாற்றப்பட்டு, டயர் கல்லைச் சுற்றி எளிதாகப் படியுமாறு செய்யப்பட்டுள்ளது.

காற்றழுத்தம்

செலவின்றிப் பிடிமானத்தை உயர்த்தும் வழி இதுவே. ஓட்டுநரும் மிதிவண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனவும், ஒவ்வொரு சக்கரமும் அதில் பாதியைத் தாங்குவதாகவும் கொள்வோம். உடலின் விறைப்பைக் கணக்கில் கொள்ளாவிடின், 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தொடுபரப்பு சுமார் 18 சதுர செ.மீ.; 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 26 சதுர செ.மீ. குறைந்த அழுத்தமுள்ள டயர் கல்லின் மீது துள்ளாமல் அதைச் சூழ்ந்து உருள்கிறது.

டியூப் உள்ள டயரில் அழுத்தத்தை இவ்வளவு குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிப் பாம்புக்கடி போல் இரு துளைகள் விழும். டியூப் இல்லாத முறையில் இவ்வகைப் பஞ்சர் வெகுவாகக் குறைகிறது. சிறு துளைகளை உள்ளே ஊற்றப்படும் ரப்பர்ப்பால் கலந்த நீர்மம் அடைத்துவிடும். இந்நீர்மம் சில மாதங்களில் உலர்ந்துவிடுவதால் மீண்டும் ஊற்ற வேண்டும்.

சுமார் 75 கிலோகிராம் எடையுள்ளவர், டியூப் இல்லாத 2.4 அல்லது 2.5 அங்குல டயருக்கு முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. எனத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 1 பி.எஸ்.ஐ. மாற்றிச் சோதித்தல் நன்று. ரிம் கல்லில் மோதும் ஓசை, வளைவில் டயர் மடியும் உணர்வு, ஓரத்தில் காற்றுச் சீறல் ஆகியவை அழுத்தம் போதவில்லை என்பதன் அறிகுறிகள். இவற்றைப் புறக்கணித்து வேகமாக இறங்குவது ஆபத்தானது; வளைவின் நடுவில் டயர் ரிம்மிலிருந்து கழன்றால் வீழ்ச்சி உறுதி.

முன்சக்கரமும் பின்சக்கரமும்

பின்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். முன்சக்கரம் வழுக்கினால் திருத்திக்கொள்ளக் கால அவகாசமே இராது. மேலும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. ஆகவே மென்மையான கலவையும் உயர்ந்த பக்கக் குமிழ்களும் கொண்ட டயரை முன்னேயும், எளிதாக உருளும் சற்றுக் கடினமான கலவையைப் பின்னேயும் இடுவது வழக்கம். கற்களின் மோதலைப் பின்சக்கரமே மிகுதியாக ஏற்பதால், தடித்த உடல் பின்னே முதலில் தேவைப்படும். ஒரே ஒரு புதிய டயர் வாங்க முடிந்தால் அதை முன்னே பொருத்தி, முன்னிருந்ததைப் பின்னே மாற்றுவது முறை. இதை மாற்றிச் செய்வது தவறு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே பெயருள்ள டயர் பல கலவைகளிலும் பல உடல்களிலும் விற்கப்படுகிறது. 'அசகாய்' என்ற பெயர் குமிழ் அமைப்பை மட்டுமே தெரிவிக்கும். கடின ரப்பரும் மெல்லிய உடலும் கொண்ட அசகாய், தோற்றத்தில் பந்தய டயரை ஒத்திருந்தாலும் ஈரப் பாறையில் அதைப் போல் இயங்காது. பக்கச்சுவர் எழுத்துகளை முழுமையாகப் படித்தே வாங்க வேண்டும். 63-622 என்ற குறியீட்டில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது டயரின் ஓரக்கம்பி அமரும் விட்டம். 29 அங்குலச் சக்கரத்துக்கு இவ்விட்டம் 622, 27.5 அங்குலத்துக்கு 584, 26 அங்குலத்துக்கு 559 ஆகும்.

குமிழ்களின் விளிம்பு மழுங்கினாலோ, பக்கக் குமிழ்களின் அடியில் வெடிப்பு தோன்றினாலோ டயரை மாற்றுதல் வேண்டும். மென்மையான கலவைகள் விரைவில் தேயும். பயன்படுத்தாமல் வெயிலில் கிடந்த டயரிலும் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்திருக்கும்.